ரோமானியர் விட்டுப்போன பள்ளம்

ரோமானியர் எழுப்பிய எல்லை என்றதும் பெரிய கல்சுவராக இருக்கும் என்று நினைத்தேன். என் கணவன் போனில் காட்டியது ஒரு நீளப் பள்ளம், பக்கத்தில் ஒரு மண்மேடு, இரண்டின் மேலும் புல். "இதுக்கா இவ்ளோ பில்டப்?" என்றேன். ஸ்காட்லாந்தில் அவனும் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் நானும் சிரித்தோம். எனக்கு எட்டாம் மாதம். அப்போது சிரிக்க முடிந்தது.

ஒரு வார ஆபீஸ் வேலைக்குப் போனவன். அமெரிக்கா திரும்பத் தேவையான விசா ஸ்டாம்பிங்கையும் அங்கேயே முடித்துவிடு, சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது என்று நண்பர்கள் கூட்டமே அறிவுரை சொன்னது. அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கூடுதல் பரிசோதனை இருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. பிரசவத்துக்கு அவன் வந்து சேர வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாடகை குறைவு என்று அந்தப் பள்ளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் அறை எடுத்தான். தினமும் அந்த மேட்டில் நடந்துகொண்டே கூப்பிடுவான். சாம்ராஜ்யம் அங்கேதான் முடிந்ததாம். பள்ளம் வெட்டிய மண்ணை வடக்கே கொட்டினார்களாம். கொஞ்ச வருஷத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். காவல் இருந்தவர்கள் போய்விட்டார்கள், பள்ளம் மட்டும் போகவில்லை பார் என்று ஒருநாள் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பாடம் எடுக்காத. எப்ப வர்ற, அத மட்டும் சொல்லு."

அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் கேட்டேன். யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. போனில் காற்றுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

வலி ஒரு காலையில், சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரசவ அறையிலும் அவர்தான் என் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்தில் கோடைச் சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளத்தில் சிக்னல் இல்லை என்று மேட்டின் மேல் ஏறி நின்றிருந்தான். "நான் இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதைவிடக் கொடுமையான ஆறுதலை நான் கேட்டதில்லை.

குழந்தையின் அப்பா வருகிறாரா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆன் தி வே" என்றேன். அவள் நம்பிவிட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். கால் கடுத்துப்போன ஆன்ட்டி அதில் உட்காரப் போனபோது, அது அப்பாவுக்கு என்று அன்பாகத் தடுத்துவிட்டாள்.

மகள் பிறந்தாள். ஆன்ட்டி நின்றபடியே போனில் அவளைக் காட்டினார். அவன் அழுதான், நான் அழுதேன், யாரும் யாரையும் தொட முடியவில்லை.

ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது அந்த நர்ஸ் அடுத்து வந்தவளிடம் சொல்லிவிட்டுப் போனாள்: அப்பா வந்துகொண்டிருக்கிறார், இந்த நாற்காலியை யாரும் எடுக்க வேண்டாம்.