பதினெட்டு வயது மசோதா

என் அக்கா சாமுண்டீஸ்வரி பாதி நேரம் கனவில் வாழ்கிறவள். தாம்பரத்தில் ரயிலேறி டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்புவாள். குரோம்பேட்டையில் இறங்க மறந்து பல்லாவரம் வரை போய்த் திரும்புவாள்.

1988 டிசம்பரில் அவளுக்கு இருபது வயது. ஓட்டுப் போட அப்போது இருபத்தொன்று ஆகவேண்டும். அதைப் பதினெட்டாக்கும் மசோதா டெல்லியில் நிறைவேறிவிட்டது என்று டிவி செய்தியில் சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மொட்டைமாடியில் நின்று திருநீர்மலையைப் பார்த்தபடி அதையே பேசுவாள். முகம் தெரியாத ஐந்நூறு பேர் அரைவட்டமாக உட்கார்ந்து அவளுக்காகப் பொத்தானை அழுத்தினார்களாம்; அந்தச் சத்தம் அவள் காதில் மழை மாதிரி கேட்கிறதாம். அவள் கட்டும் புடவையின் நிறம் முதற்கொண்டு எங்கள் அப்பா துளசிங்கம்தான் தீர்மானிப்பார். அதனால் வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் தனியாக நிற்கும் அந்த ஒரு நிமிடம் அவளுக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. பொங்கல் புடவையைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனாள். பட்டியலில் பேர் இல்லை. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், சிரிக்காமல் விளக்கினார். மக்களவையும் மாநிலங்களவையும் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. இது அரசியல் சட்டத் திருத்தம், பாதி மாநிலங்களாவது சரி என்று சொல்லவேண்டும். கடைசியில் ஜனாதிபதி கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை அது சட்டமில்லை என்றார். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ எதையோ யோசித்தபடி, பஸ் ஹாரன் கூடக் காதில் விழாமல் நடந்து வந்தாள்.

அடுத்த மாதமே அப்பா ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அக்காவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவுமில்லை. சித்தப்பாக்கள் தலையாட்டினார்கள். வண்டலூர், மேடவாக்கம் என்று ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள் சரி என்றார்கள். தட்டு மாற்ற நாள் குறித்தபோது அக்கா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அதான் எல்லாரும் பேசி முடிச்சாச்சே, இன்னும் இன்னா கீது?" என்றார் அப்பா.

"நீங்க மக்களவைப்பா. சித்தப்பாங்க மாநிலங்களவை. எல்லா ஊர்லயும் ஒத்துக்கினாங்க, சரி. ஆனா கடைசிக் கையெழுத்து என்னுது. நான் போடமாட்டேன்."

அப்பா மூத்த சித்தப்பாவைப் பார்த்தார். "கையெழுத்து இல்லாம செல்லாதுதான்" என்றார் அவர். தட்டு மாற்றாமலே அந்தச் சம்பந்தம் நின்றது.

அப்படிப்பட்ட திருத்தம் வந்தால் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும், மறுக்க வழியே இல்லை என்று நான் பிற்பாடு படித்தேன். அக்காவுக்கு அது தெரியாது. நல்லவேளை, அப்பாவுக்கும் தெரியாது.