214-ஆம் கம்பம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் மாதங்கிக்குப் பொய் சொல்ல வராது. இயற்பியல் படித்தவள், கண்ணால் கண்டதையே இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். போன நவம்பரில் ஜாதவ்பூரில் நடந்தது இது. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

பாலிகஞ்சில் ஒரு தெருவிளக்கு கான்ட்ராக்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஜூலை மழையில், 214-ஆம் எண் கம்பத்தில் ஷாக்கடித்து சுஜித் என்ற லைன்மேன் இறந்திருந்தார். ஃபியூஸ் உருகியிருந்தால் பிழைத்திருப்பார். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி கட்டிவிட்டார் என்று அவர் மேலேயே பழி. ஃபியூஸே மட்டம் என்று காட்ட வேண்டுமானால், எத்தனை மடங்கு மின்சாரத்தில் அது எத்தனை நொடியில் உருகும் என்ற சோதனை விவரம் வேண்டும். ஃபியூஸைத் தயாரித்த தொழிற்சாலையோ மூடிக் கிடந்தது. மாதங்கி மூன்று வாரம் தேடியும் ஒரு தாள் கிடைக்கவில்லை.

"டேட்டா வானத்துலேர்ந்து குதிக்காதும்மா," என்றார் மேனேஜர் சௌந்தரராஜன். "வெள்ளிக்கிழமை விபத்து ரிப்போர்ட் போகணும். லைன்மேன் தப்புன்னு எழுதிடு."

வாசல் பெஞ்சில் சுஜித்தின் மனைவி ரஞ்சனா தினமும் வந்து உட்கார்ந்திருப்பாள். "அவர் கம்பி கட்டற ஆள் இல்லை, திதி," என்பாள்; திதி என்றால் வங்காள மொழியில் அக்கா. வேறு ஒன்றும் கேட்க மாட்டாள்.

மாதங்கி புதிதாகக் குடிவந்த அறையின் ஜன்னலுக்கு நேரே ஒரு தெருவிளக்கு. ஞாயிறு மாலை 5.12-க்கு எரிந்தது. பிறகு... டப். அணைந்தது. பழக்கதோஷத்தில் நேரம் பார்த்தாள். 412 நொடி.

திங்கள், அதே 5.12. 158 நொடி. டப். ஃபியூஸ் மாற்ற யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய், 97. புதன், 64.

நான்கு எண்களையும் கோட்டுத்தாளில் குறித்தாள். மின்சாரம் கூடக் கூட ஃபியூஸ் உருகும் நேரம் குறையுமே, அந்த வளைவு அது.

வியாழன், 5.12. விளக்கு எரிந்தது. அணையவில்லை.

சொட்... சொட்... கம்பத்திலிருந்து தண்ணீர். மழையே இல்லை.

300 நொடி... 500...

மேலே யாரோ மூச்சுக்குத் தவிக்கும் சத்தம்.

660. பதினொரு நிமிடம்.

டப்.

பயத்தை முந்திக்கொண்டு அவளுக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் இறங்கிப் போனாள். கம்பத்தின் தெருப்பக்கம் எண் பலகை: 214. அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள். கேபிளை ஜூலையிலேயே வெட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தார்கள். நான்கு மாதமாக அந்தக் கம்பத்துக்கு மின்சாரமே இல்லை. உள்ளே காகிதப் பொட்டலத்தில் நான்கு ஃபியூஸ்கள். சுஜித் கம்பத்துக்கு வாங்கிய ஃபியூஸின் அதே தொகுதி எண்.

"எங்கே புடிச்சே?" என்றார் மேனேஜர்.

"கம்பத்துல, சார். ரிப்போர்ட்டை நிறுத்தி வைங்க."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நிறுத்தினார்.

ஹவுரா சோதனைக்கூடத்தில் நான்கையும் உருக்கிப் பார்த்தார்கள். இருமடங்கில் 412 நொடி. மும்மடங்கில் 158. பிறகு 97. ஐந்து மடங்கில் 64. நல்ல ஃபியூஸ் ஐந்து மடங்கில் கண் இமைப்பதற்குள் போய்விடும். சுஜித் மேல் இருந்த பழி நீங்கியது.

ரிப்போர்ட்டின் நகலை ரஞ்சனாவிடம் கொடுத்தாள் மாதங்கி. விளக்கு எரிந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ரஞ்சனா வெகுநேரம் தாளையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு டீ எடுத்துட்டுப் போனேன், திதி. அவர் மேலே ஒட்டிக்கிட்டு இருந்தார். லைனை நிறுத்துங்கன்னு கம்ப்ளெயின்ட் நம்பருக்குப் போன் போட்டேன். காத்திருங்கன்னு பாட்டுதான் ஓடிச்சு. பதினொரு நிமிஷம்."

"விளக்கு?"

"எரிஞ்சுட்டேதான் இருந்தது, திதி. அவர் முகம் நல்லாத் தெரிஞ்சுது."