பிரிக்பீல்ட்ஸ் ஊசி வகுப்பும் அவருடைய வலது கையும்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் அக்குபங்சர் படிப்பது சரிப்படுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரிப்படும். எண்பதுகளின் கடைசியில் நான் ஞாயிறுதோறும் போய் வந்தேன். என் கணவர் லோரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கை எழ வேண்டும், அவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் சேர்ந்தேன். தொழிலாக்கலாம் என்பதெல்லாம் பிறகு வந்த யோசனை.

இங்கே சொல்லப்போவது கடைசி வகுப்புக்குப் போன நாளைப் பற்றி. அன்று ஆளுக்கொரு நோயாளியைக் கூட்டிப் போய், ஆசிரியர் முன்னால் ஊசி போட்டுக் காட்ட வேண்டும். நான் வேறு யாரைக் கூட்டிப் போவேன்? தினமும் அவர் கையில்தானே பழகினேன். ஊசி சரியான இடத்தில் இறங்கினால் உள்ளே ஒரு மாதிரி கனக்கும். நோயாளி அதைச் சொல்ல வேண்டும். அவர் சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காலை ஏழு மணி பஸ். கோலாலம்பூருக்கு ஏறக்குறைய இருபது மைல், டிக்கெட் ஒரு வெள்ளி சொச்சம். கண்டக்டர் அவர் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணனை முன் சீட்டுல உக்கார வைங்க லா, பின்னால ரொம்பக் குலுங்கும்" என்றார். ஃபெடரல் ஹைவே முழுக்க இவர் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கோலாலம்பூரில் கிள்ளான் பஸ்கள் நிற்கும் ஸ்டாண்டில் இறங்கி மினி பஸ், ஐம்பது காசு. வகுப்பு ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில். படி செங்குத்து, அவர் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

ஆசிரியர் ஒரு சீன அம்மா. எல்லோருக்கும் அவர் 'சின்சே', அதாவது சீன வைத்தியர். பிரிக்பீல்ட்ஸிலேயே வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். அவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி முதலில் கட்டைவிரல் நகத்தை அந்த இடத்தில் வைத்து, பிறகு நகத்தை ஒட்டி ஊசியை இறக்க வேண்டும். என் கணவர் ஊசியைப் பார்க்க மாட்டார், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றும் அப்படித்தான். நான் அவர் முழங்கைக்குக் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"கனக்குதும்மா. நல்லா கனக்குது" என்றார்.

ஊசி இன்னும் தட்டிலேயே இருந்தது. நகம்கூடப் படவில்லை.

சின்சே குனிந்து, "அங்கிள், இன்னும் போடல லா" என்றார் மெதுவாக. என் கணவர் திரும்பவே இல்லை. நான் ஊசியை எடுக்கவே இல்லை. சின்சே வேறொருவர் கையைக் கொடுத்து என்னைப் பரீட்சையில் தேற வைத்தார்.

மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. அவர் இடது கையில் கரண்டி. எப்போதுமே கனம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"ஒரு தடவகூட இல்ல. நீ உன் கால்லயே குத்திக் குத்திப் பழகுற. லீவு நாள்ல பஸ் ஏறி ஓடுற. உன் மூஞ்சப் பாத்துட்டு ஒன்னும் தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

நான் சோற்றைப் பார்த்தபடி அழுதேன். ரசம் ஊற்ற வந்தவர் திரும்பிப் போய்விட்டார்.

இப்போது போகிறவர்களுக்கு: கிள்ளானிலிருந்து ரயிலில் நேராக கே.எல். சென்ட்ரல் போகலாம்; அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடை தூரம்தான். நோயாளியைக் கூட்டிப் போவதானால் வகுப்பு எந்த மாடி என்று முன்கூட்டியே கேளுங்கள். பழகுவதற்கு அக்கம்பக்கத்து ஆளைப் பிடியுங்கள். உங்கள் மேல் பாசம் உள்ளவர்கள் வேண்டாம்.

பிறகு நான் பல வருடம் இதே வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் கனக்கிறது என்றார்கள், சிலர் எழுந்து நடந்தார்கள். அவர் கை எழவே இல்லை. இருந்தவரை வாரம் ஒருமுறை ஊசி போட்டேன். இனிப் பொய் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அவரும் காப்பாற்றினார். ஒவ்வொரு தடவையும் "ஒன்னும் தெரியலம்மா" என்பார். ஒருநாளாவது பொய் சொல்ல மாட்டாரா என்று இருக்கும் எனக்கு.