ஸ்க்ரோல் செய்தால் பேசும் குரல்

விருதுநகரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்து பிழைக்கிறவன் நான். போன தீபாவளி சீசனுக்காக சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனிக்குச் செய்துகொண்டிருந்தேன். விரலால் பக்கத்தைத் தள்ளத் தள்ள ஒவ்வொரு பட்டாசும் திரைக்கு வந்து எரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்குக் கால்பேக் ஃபங்ஷன்கள் எழுதினேன். 'இந்தப் படம் திரையின் நடுவுக்கு வந்ததும் இந்த வேலையைச் செய்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான். படம் வந்ததும் ப்ரவுசரே அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

கம்பெனியில் ஆர்டர் பார்த்த அக்காதான் எனக்குப் படங்கள் அனுப்புவார். சோதித்துப் பார்ப்பதும் அவர்தான்.

"தம்பி, நெருப்பு வருது, நல்லாத்தான் இருக்கு. பேரு சொல்லலையே. வாசிக்கத் தெரியாதவுக எப்படி ஆர்டர் போடுவாக?"

"நீங்களே பேசி அனுப்புங்கக்கா" என்றேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, தரைச்சக்கரம், சாட்டை என்று ஒவ்வொன்றாக, பின்னால் ஃபேன் இரைச்சலோடு. படம் வந்ததும் முதலில் அவர் குரல், அது முடிந்ததும் வெடிப்பு என்று கால்பேக்கை மாற்றினேன்.

வெப்சைட் வெளியாகும் முன்பே, வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த அவர்கள் யூனிட்டில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. பக்கத்து அறையும் சேர்ந்து விழுந்தது. சரக்கு பார்க்க அன்று அக்கா அங்கே போயிருந்தார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. உடல் வீட்டுக்கு வந்தபோது முகத்தைக்கூட யாரையும் பார்க்க விடவில்லை.

அந்த யூனிட்டுக்குச் சீல் வைத்தார்கள். மற்ற யூனிட்டுகளில் வேலை ஓடியது. முதலாளி கூப்பிட்டார். "அந்தப் புள்ள குரலை எடுத்துருங்க தம்பி. ஆபீஸ்ல யாராலயும் கேக்க முடியல." எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்காவின் கணவர் போன் செய்தார். அச்சகத்தில் வேலை பார்ப்பவர். டெஸ்ட் லிங்க்கை அக்கா அவருக்கும் அனுப்பியிருந்திருக்கிறார்.

"தம்பி, குரலை எடுத்துட்டீகளா?"

"முதலாளி சொன்னாருண்ணே."

"அவ போனும் அங்கனயே எரிஞ்சு போச்சு. நாங்க வீடியோ எல்லாம் எடுத்தவுக இல்ல."

"ஆடியோவை உங்களுக்கு அனுப்பிடுறேன்ணே."

"வேண்டாம் தம்பி. பக்கத்தைத் தள்ளிப் பாருங்க, நான் பேசுவேன்னு அவதான் காட்டுனா. அப்படியே இருந்தா போதும்."

அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தேன். நெருப்பையும் வெடிப்பையும் அழித்தேன். வெள்ளைத் திரையில் பெயர்கள் மட்டும். கீழே தள்ளினாலும் மேலே தள்ளினாலும் அக்கா பேசும்படி இரண்டு திசைக்கும் கால்பேக் கொடுத்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. இடையில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கம்பெனி வெப்சைட் வேறொரு பெண்ணின் குரலோடு வெளியானது. ஆர்டர் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள்.

சீசன் முடிந்து சிவகாசி போனபோது அக்காவின் கணவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பக்கம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடுது தம்பி. இப்ப நான் தொறக்கிறதில்ல. அம்புட்டும் வெடிப் பேரு. எம் பேரையோ மக பேரையோ ஒருவாட்டி அதுல சொல்லியிருந்தான்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

பக்கத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுக்கட்டுமா என்று எனக்கும் கேட்க வரவில்லை.