சுமைதாங்கியின் குறுக்குக் கல்

நேமத்தான்பட்டிப் பாதையில் சுமைதாங்கியின் குறுக்குக் கல் விழுந்து கிடந்தது. கல்தச்சன் பெத்தன் யாரையும் கேட்கவில்லை. உருளைக்கட்டை கொடுத்து நெம்பி, வண்டியிலேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாக உடைத்து ஆட்டுக்கல் குடையத் தொடங்கினான்.

மூன்றாம் நாள் விறகுக்கட்டோடு மலையம்மாள் வாசலில் நின்றாள். பெத்தன் கோணியை இழுத்துக் கல்லை மூடினான்.

"கட்டைக் கொஞ்சம் இறக்கி விடு பெத்தா. பாதையில இருந்த சுமைதாங்கி, புள்ளத்தாச்சியா செத்த எம் மகளுக்கு வச்ச கல்லு. மேல்கல்லு விழுந்து கெடந்துச்சு. எடுத்து நிறுத்தலாம்னு இருந்தேன். எந்தப் பாவியோ தூக்கிட்டுப் போயிட்டான்."

உடைத்த கல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பெத்தன் அவள் விறகுக்கட்டை இறக்கிவைத்தான்.

மறுநாளிலிருந்து, விறகுக்காரிகள் வரும் உச்சிப்பொழுதில் சுமைதாங்கி இருந்த இடத்தில் போய் நின்று, அவர்கள் சுமையை இறக்கி, ஏற்றிவிட்டான்.

மலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம் மகதான்யா உன்னய இங்குட்டு அனுப்பியிருக்கா!"