ஒன்பது கேள்வி, ஏழு வினாடி

குடும்ப நல நிலையத்தில் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா, முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மனசைப் படித்துவிடுவாள் என்று தெருவெல்லாம் பேச்சு. கேள்வி கேட்கவே மாட்டாளாம். ஏறிட்டு ஒரு பார்வை, அவ்வளவுதானாம்.

விசாரித்ததில் பாதி உண்மை. கேள்வி கேட்பதில்லை என்பது சரி. ஏறிட்டுப் பார்ப்பதும் இல்லை.

நிலையத்தின் ஏற்பாடு என்னவோ அருமையானது. இடது கதவு காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும், வலது கதவு மனசுக்கு. வரிசை மட்டும் ஒன்றே, யார் எந்தக் கதவுக்குப் போகிறார் என்று அடுத்தவருக்குத் தெரியக்கூடாது பாருங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் தூக்கம், பசி, துக்கம் என்று ஒன்பது கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். பத்தைத் தாண்டினால் வலது கதவு.

கேட்டால் ஆளுக்கு ஏழு நிமிடம். கேட்காமல் ஒன்பது பூஜ்யம் போட்டால் ஏழு வினாடி. ஆரம்பத்தில் கேட்டுத்தான் பார்த்தாள்.

"தூக்கம் வருதா?"

"உங்க வரிசையில நின்னே தூங்கிட்டேன்மா."

அன்றோடு விட்டாள். சக ஊழியர்கள் பூஜ்யம் அக்கா என்று பெயர் வைத்தார்கள். படிவங்கள் நூற்றுக்கு நூறு பூர்த்தி என்று மேலிடம் பாராட்டியது. வலது அறையில் ஆலோசகர் அம்மாள் ஈ ஓட்டினாள். பொழுது போகாமல் தனக்கே ஒரு படிவம் நிரப்பினாள், பதினான்கு வந்தது. தன்னை அனுப்பத்தான் வேறு ஆலோசகர் இல்லை.

மூன்றாவது வருடம் உத்தரவு வந்தது. இந்தப் பகுதியில் துக்கப்படுபவர் எவருமில்லை, அறையை மருந்துப் பெட்டிகளுக்கு ஒதுக்கவும், ஆலோசகர் வேறு ஊருக்கு.

அதே மாதம் அக்காவின் மகள், பதினாலு வயது, பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு குளிப்பதை. பிறகு பேச்சை. ஆலோசகரின் கடைசி நாளன்று அக்கா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய டாக்டர் முன் நின்றாள்.

அவர் கோப்பைப் புரட்டினார். "பத்து தாண்டலையேம்மா. போன மாசம் சளிக்கு வந்தப்பவும் பூஜ்யம்."

"அது சும்மா போட்டது சார்."

"யாரு?"

"நான்தான்."

"அப்ப மத்தவங்களுக்கு?"

டாக்டர் அன்பாகவே ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எல்லாருக்கும் சும்மாதான் போட்டேன்னு எழுதிக் கொடுங்க. பொண்ணை இப்பவே வலது கதவுக்கு அனுப்புறேன். வேலையைப் பத்தி நான் உத்தரவாதம் தர முடியாது."

வெளியிலிருந்து ஒரு குரல்: "அக்கா, உள்ள என்ன அரட்டை? இங்க நிக்கிறவனுக்கு நரை விழுந்திடுச்சு!"

"பூஜ்யமே இருக்கட்டும்மா," என்றாள் மகள். மூன்று வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அக்கா பேனாவை எடுத்தாள், மூடினாள். "அப்புறமா எழுதித் தரேன் சார்." போய் ஜன்னலில் உட்கார்ந்தாள்.

மதியம் பெட்டியோடு வெளியே வந்த ஆலோசகர், வாசல் பெஞ்சில் அக்காவின் மகளைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, பக்கத்தில் உட்கார்ந்து தானே கேட்க ஆரம்பித்தாள். பெண் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். எட்டாவது கேள்வியிலேயே பத்தொன்பது. அவளை ஏற்றிப்போக வந்திருந்த வேன்காரர் ஹாரனை அழுத்தினார். "மேடம், வரீங்களா, நான் கிளம்பட்டுமா?"

ஆலோசகர் ஜன்னலுக்கு ஓடி வந்து படிவத்தை உள்ளே தள்ளினாள். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குக்கா. இன்னிக்கே நீங்க கேட்டுடுங்க. எவ்வளவு வந்தாலும் உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

ஒன்பதாவது கேள்வி: உயிரோடு இல்லாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியதுண்டா?

பதினோரு நாளாகிறது. படிவம் அக்காவின் கைப்பையில் நாலாக மடிந்து கிடக்கிறது. தினமும் காலையில் மகளின் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "கண்ணு..." என்று ஆரம்பிக்கிறாள்.

மகள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்கிறாள் அக்கா.