மூச்சைப் பிடிக்காமல்

நெஞ்சு படபடக்கும் என்று பயந்து மூன்று மாதமாக பஸ் ஏறவில்லை என்பதை இன்று பதுளை ஆஸ்பத்திரியில் நான் சொல்லவில்லை. தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை பதுளைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். பஸ்ஸை விட்டால் வழியில்லை. இன்றைக்கு மட்டும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி கிடைத்தது.

அவர்கள் அனுப்பிவைத்த மனநோய் டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் சிரித்தார். "தலவலிக்காரங்க இப்படிக் கதவையே பாத்துக்கிட்டு உக்கார மாட்டாங்கம்மா."

பிறகு, "மூச்சக் கவனிங்க," என்றார். நான் எக்ஸ்ரேக்கு நிற்பதுபோல் நெஞ்சு விரிய இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, விடுங்கம்மா! நானும் தோட்டத்து லயத்து வீட்டுல வளந்தவன்தான். தியானம் பழகப் போன மொத நாள் நானும் இப்படித்தான் புடிச்சேன். பன்சலையில, அந்தப் புத்த கோயில்ல, சொல்லிக்குடுத்த சாது விழுந்து விழுந்து சிரிச்சாரு. மூச்சு தானா வரும், போகும். பயமும் அப்படித்தான். வெரட்டாம, சும்மா பாத்துக்கிட்டு இருங்க."

பத்து நிமிடம் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் தானாகவே இறங்கியது.

டாக்டர் முன்னால் மூச்சைப் பிடிக்காதவர்கள் உங்களில் யாராவது உண்டா?

மாலையில், லொறிக்குக் காத்திராமல், எங்கள் ஊருக்குப் போகும் மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். பசறைக்கு மேலே வளைவுகளில் பயம் வந்தது. நான் இறங்கவில்லை. வீடு வந்து சேர்ந்தேன்.